பல்பு எரிஞ்சா போதுமாய்யா?

போன வாரம் டீக்கடையில ஒரு வாக்குவாதம். கூட வேலை பார்க்கிற நண்பர், என்னை மாதிரியே நாலு வருஷம் மின்னியல் படிச்சுட்டு இப்போ பொட்டி தட்டிப் பிழைக்கிறவர், புதுசா ஃப்ளாட் வாங்கியிருக்கார். ஹால்ல இருக்கிற பிளக் பாயிண்ட்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கு, பிரிச்சு சரி பண்ணணும்னு எலக்ட்ரீசியன் சொன்னாராம்.

"காசு பிடுங்கப் பாக்கறான் பாஸ். ஏசி கரண்ட் தானே? செகண்டுக்கு 50 தடவை அதுவே போய்ப் போய்த் திரும்புது. இதுல எது ஃபேஸு, எது நியூட்ரலு? எப்படி மாட்டினாலும் டிவி ஓடும்."

சுத்தி நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. நாலு பேரும் இன்ஜினியருங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை. கோபம் தான் வந்துச்சு. அங்கே சண்டை போட்டா டீ ஆறிடும்னு வந்துட்டேன். அந்த மிச்சத்தை இங்கே தீர்த்துக்கறேன். கொஞ்சம் நீளம் தான், பொறுத்துக்குங்க.

முதல்ல, நண்பர் சொன்னதுல பாதி உண்மை. டிவி ஓடும். ஃபேன் சுத்தும். பல்பு எரியும். அதுங்களுக்கு ரெண்டு வயரும் ஒண்ணு தான். பிரச்சினை என்னன்னா வீட்டுல டிவி மட்டும் குடியிருக்கல. மனுஷங்களும் இருக்காங்க.

தெருமுனை டிரான்ஸ்பார்மர்ல மூணு ஃபேஸும் சேர்ற நடுப்புள்ளி ஒண்ணு உண்டு. அந்தப் புள்ளியிலிருந்து நம்ம வீட்டுக்கு வர்ற வயர் தான் நியூட்ரல். அந்தப் புள்ளியை அங்கேயே பூமியில புதைச்ச எர்த்தோட சேர்த்துக் கட்டியிருப்பாங்க. அதனால நியூட்ரலும் நம்ம காலுக்குக் கீழ இருக்கிற மண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஃபேஸ் மட்டும் அந்த மண்ணை விட 230 வோல்ட் தள்ளி நிக்குது. வெறுங்காலோட ஈரத்தரையில நிக்கிறவருக்கு நியூட்ரல் பட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஃபேஸ் பட்டா அவரே பல்பு ஆயிடுவார். "ரெண்டும் ஒண்ணு தானே"ன்னு சொல்றவங்க மண்ணை மறந்துட்டுப் பேசறாங்க.

அதனால தான் சுவிட்ச் எப்பவும் ஃபேஸ்ல இருக்கணும்னு சொல்றது. ஃபேஸை வெட்டினா விளக்கு அணையும், ஹோல்டரும் செத்துடும். நியூட்ரலை வெட்டினாலும் விளக்கு அணையும். ஆனா ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து காத்துக்கிட்டு நிக்கும். வெளியிலிருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தொட்டா தான் தெரியும்.

நான் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

எங்க ஊர் மீன்சுருட்டி. சென்னையிலிருந்து கும்பகோணம் போற ரோட்டுல, கங்கைகொண்ட சோழபுரம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கோயில் பார்க்கப் போனவங்க பஸ் ஜன்னல் வழியா எங்க கடைத்தெருவைப் பார்த்திருப்பீங்க. பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில இருக்கிற எல்.இ.டி. பல்பு ராத்திரி சுவிட்சை அணைச்ச பிறகும் மினுக் மினுக்குனு மின்னாம்பூச்சி மாதிரி துடிக்குதுன்னு அப்பத்தாவுக்கு ஒரே பயம். தாத்தா வந்துட்டுப் போறாருன்னு ஒரு முடிவுக்கே வந்திருந்தாங்க. நான் பகுத்தறிவுச் சிங்கமாச்சே! "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஹோல்டர் பழசாயிடுச்சு, மாத்திடறேன்"னு முக்காலி மேல ஏறிட்டேன்.

சுவிட்சை அணைச்சாச்சு. சந்தேகத்துக்கு அந்த அறையோட எம்.சி.பி.யையும் கீழே தள்ளியாச்சு. ஒரு கை ஜன்னல் கம்பியில, ஒரு கை ஹோல்டர்ல.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. தரையில கிடந்தேன். முழங்கை வீங்கியிருந்தது. அப்பத்தா, "நான் தான் சொன்னேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

எழுந்து டெஸ்டரை எடுத்தேன். சுவிட்ச் ஆஃப், எம்.சி.பி. ஆஃப், ஹோல்டர்ல மட்டும் ஜம்முனு எரியுது. பிளக் பாயிண்ட்டுக்குப் போனேன். நம்ம ஊர் மூணு ஓட்டை சாக்கெட்டை நேரா நின்னு பார்த்தா, மேலே இருக்கிற பெரிய ஓட்டை எர்த், வலது கை பக்கம் ஃபேஸ், இடது கை பக்கம் நியூட்ரல். எங்க வீட்டுல இடது பக்கம் எரியுது. அடுத்த அறை, இடது. சமையக்கட்டு, இடது. வீடு முழுக்கத் தலைகீழ்.

சமையக்கட்டுல அம்மா கிட்ட கேட்டேன், இங்கே எப்பவாவது ஷாக் அடிச்சிருக்கான்னு.

"கிரைண்டர் கொஞ்சம் ஜிவ்வுனு இழுக்கும்டா. நிறுத்தின பிறகும் இழுக்கும். அதான் மாவு அள்ளறப்ப செருப்பு போட்டுக்குவேன்."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு, ஏழெட்டு வருஷம்."

சாதாரணமா, குழம்புல உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்கற மாதிரி சொன்னாங்க. சுவிட்ச் நியூட்ரல்ல இருந்தா மோட்டார் நின்னாலும் உள்ளே சுத்தியிருக்கிற செம்புக்கம்பி பூராவும் ஃபேஸ்லயே இருக்கும். அங்கேர்ந்து துளித்துளியா கசியறது இரும்பு உடம்புக்கு வரும். எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிடும். எங்க வீட்டு சாக்கெட்டுல எர்த் ஓட்டை சும்மா அழகுக்குத் தான். கசிவு அம்மா வழியா மண்ணுக்குப் போச்சு, ஒவ்வொரு இட்லி மாவுக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. எங்க தெரு வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டு, "எந்த மடையன்ணே இப்படி வயரிங் பண்ணினது? எங்கம்மா உயிரோட விளையாடியிருக்கான்"னு குதிச்சேன். அண்ணன் ஒண்ணும் பேசாம மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இந்த பாக்ஸை நீங்க தானே மாட்டினீங்க? காலேஜ் லீவுல வந்தப்ப. பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனே மாட்டிட்டான்னு அப்பா கூட தெரு பூரா சொன்னாரே."

...

ஆமாம் மக்களே. அந்த மடையன் நான் தான்.

ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப, பழைய மரப்பலகையும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் அசிங்கமா இருக்குன்னு புது பாக்ஸ் வாங்கி நானே மாட்டினேன். மீட்டர்லேர்ந்து வர்ற ரெண்டு வயரும் அழுக்கேறி ஒரே நிறம். எது ஃபேஸுன்னு ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வெச்சேன். வேர்வையில டேப் எங்கேயோ விழுந்துடுச்சு. "ஏசி தானே"ன்னு ஏதோ ஒண்ணை ஏதோ ஒண்ணுல மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன், பல்பு எரிஞ்சுது. அப்பா கை தட்டினார். பக்கத்துல ராஜேந்திர சோழனோட ஆளுங்க கட்டினது ஆயிரம் வருஷமா நிக்குது. நான் கட்டினது முதல் நாள்லேர்ந்தே தப்பு.

டீக்கடை நண்பர் மேல எனக்கு ஏன் அவ்வளவு கோபம்னு இப்போ புரிஞ்சிருக்கும். அவர் பேசினது என்னோட பழைய வசனம்.

இனி வழக்கமா வர்ற சமாதானங்களை ஒண்ணொண்ணா பார்ப்போம்.

"எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆயிடாதா?"

ஆகாது சாமி. எம்.சி.பி. வயரைக் காப்பாத்தறதுக்கு வெச்சது, உங்களை இல்ல. ஈரமான உடம்போட தடை 1000 ஓம்னு வெச்சுக்கிட்டா 230 வோல்ட்டுக்கு உள்ளே போறது 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அது தாராளம். 6 ஆம்பியர் எம்.சி.பி.ங்கறது 6000 மில்லி ஆம்பியர். 230ங்கறது அதுக்குக் கொசுக்கடி. அதுவும் எங்க வீடு மாதிரி ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தா எம்.சி.பி. போய் உட்கார்ந்திருக்கிறது நியூட்ரல்ல. ஃபேஸ் இரும்புல பட்டு மண்ணுக்குள்ள போனா அந்தக் கரண்ட் எம்.சி.பி. பக்கமே வராது. திருடன் கொல்லைப்புறமா போறான், காவக்காரன் வாசல்ல உட்கார்ந்திருக்கான்.

ஆளைக் காப்பாத்தறது ஆர்.சி.சி.பி.ன்னு இன்னொரு சாமான். ஃபேஸ்ல போன கரண்ட் அப்படியே நியூட்ரல்ல திரும்பி வருதான்னு கணக்கு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்குல உதைச்சா கண் இமைக்கிறதுக்குள்ள வெட்டிடும். ஒரு சுமாரான செல்போன் விலை கூட கிடையாது. நம்ம எத்தனை பேர் வீட்டுல இருக்கு?

"ஜெர்மனிக்காரன் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் போடறானே?"

ஆன்சைட் போயிட்டு வந்தவங்க சொல்றது. உண்மை தான். அங்கே பிளக்கை எந்தப் பக்கம் வேணாலும் செருகலாம். ஆனா அந்த சாக்கெட்டுல எர்த் தகடு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், பிளக் செருகறப்பவே முதல்ல அது தான் தொடும். புதுசா போடற வீட்டு சாக்கெட்டுகளுக்கு ஆர்.சி.சி.பி. வகைப் பாதுகாப்பு கட்டாயம். சுவத்துல இருக்கிற விளக்கு சுவிட்ச் அங்கேயும் ஃபேஸைத் தான் வெட்டும். அவன் ரெண்டு பூட்டு போட்டுட்டு மூணாவதை விட்டான். நாம மூணையும் விட்டுட்டு அவனைக் காட்டறோம்.

"நிறத்தைப் பார்த்தாலே தெரியாதா?"

தெரியணும். நம்ம நாட்டு வீட்டு வயரிங்ல சிவப்பு, மஞ்சள், நீலம் மூணும் ஃபேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். இப்போ உங்க மிக்ஸி வயரை உரிச்சுப் பாருங்க. பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில மஞ்சள் கோடு போட்டது எர்த். சுவத்துக்குள்ள நீலம் ஃபேஸ், சுவத்துக்கு வெளியே நீலம் நியூட்ரல்! பிரிட்டன்ல நம்மள மாதிரியே சிவப்பு கறுப்பு தான் இருந்தது. 2004-ல் பழுப்பு நீலத்துக்கு மாற ஆரம்பிச்சு, 2006-லிருந்து புது வேலைக்குப் புது நிறம் தான்னு முடிச்சுட்டான். அமெரிக்காவுல கறுப்பு தான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். அமெரிக்கக்காரன் யூடியூப் வீடியோவைப் பார்த்துட்டு, இங்கே கறுப்பு வயரைப் பார்த்து ஃபேஸுன்னு நினைச்சு, சிவப்பைத் தைரியமா தொடற மகானுபாவர்கள் இருப்பாங்க. அவங்களுக்கு என் முழங்கையைக் காட்டத் தயாரா இருக்கேன்.

இதெல்லாம் விதிப்படி போட்ட வீட்டுக்கு. நடைமுறையில கடையில எந்தச் சுருள் மீந்துச்சோ அது தான் நிறம். ஆக நிறத்தை நம்பாதீங்க. நிறம்ங்கறது முன்னாடி வேலை செஞ்சவர் பின்னாடி வரப்போறவருக்கு எழுதி வெச்ச கடுதாசி. அவர் பொய் எழுதியிருக்கலாம். என்னை மாதிரி எழுதவே மறந்திருக்கலாம்.

"டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன், எரியல"

டெஸ்டர்ல எரியறது ஒரு குட்டி நியான் விளக்கு, கூட ஒரு பெரிய தடை. நீங்க தலையில விரலை வைக்கறப்ப ஒரு மில்லி ஆம்பியருக்கும் கம்மியா உங்க உடம்பு வழியா போய்த் தான் அது எரியுது. காஞ்ச மர ஸ்டூல் மேல நின்னா மங்கும். வெயில்ல எரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. நியான் செத்துப் போயிருந்தா எதுலயும் எரியாது. எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு நம்பலாம், எரியலைன்னா இல்லைன்னு நம்பக் கூடாது. முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல டெஸ்டரையே டெஸ்ட் பண்ணுங்க, வேலை முடிஞ்சதும் இன்னொரு தடவை பண்ணுங்க. சாக்கெட்டுல ரெண்டு ஓட்டையிலும் எரிஞ்சா "ரெண்டு ஃபேஸ் வருது"ன்னு ஊர்ல சொல்லுவாங்க. பெரும்பாலும் எங்கேயோ நியூட்ரல் அறுந்து, போட்டிருக்கிற ஃபேன் வழியா ஃபேஸே நியூட்ரல் வயருக்குள்ள நுழைஞ்சிருக்கும். கறுப்பு வயர் அன்னைக்குக் கறுப்பு நாகம்.

அப்படி நியூட்ரல் போனப்ப நம்ம கிராமத்து விஞ்ஞானிகள் ஒரு வேலை பண்ணுவாங்க. அடிபம்பு குழாயில ஒரு வயரைச் சுத்தி, அதையே நியூட்ரலா வெச்சு விளக்கு எரிப்பாங்க. விளக்கு ஜோரா எரியும். அதே குழாயில யாரோ ஒரு அம்மா தண்ணி அடிக்க வருவாங்க.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் விபத்துச் சாவுக் கணக்கு போடுது. மின்சாரம் தாக்கி மட்டும் சமீப வருஷங்கள்ல வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல. அத்தனையும் வீட்டுக்குள்ள நடந்தது இல்ல. வயக்காட்டுல அறுந்து கிடந்த கம்பி, மோட்டார் கொட்டகை, லாரி மேல உரசின லைன் எல்லாம் சேர்ந்தது. ஆனா துணி காயப்போட்ட கம்பி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர்ங்கற வரிகளை நாம பேப்பர்ல படிச்சுட்டு "விதி"ன்னு பக்கத்தைத் திருப்பறோம்.

விதி தான். 1956-ம் வருஷ இந்திய மின்சார விதிகள்ல 32-வது விதி. நியூட்ரல் எதுன்னு அழியாத மாதிரி அடையாளம் வைக்கணும், நியூட்ரல்ல மட்டும் தனியா ஃபியூஸோ சுவிட்சோ போடக் கூடாதுன்னு அப்பவே எழுதி வெச்சாச்சு. அதுக்கு அப்புறம் வந்த மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இதைக் கைவிடல. வயரிங் முடிச்சதும் சுவிட்ச் எல்லாம் ஃபேஸ்ல தான் இருக்கான்னு ஒவ்வொண்ணா சோதிக்கணும்னு ஐ.எஸ். 732 சொல்லுது. போலாரிட்டி டெஸ்ட்னு பேரு. பரீட்சையில அஞ்சு மார்க்குக்கு எழுதியிருக்கேன். வீட்டுல செஞ்சு பார்க்கல.

வழக்கமா இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் "படிக்காத வயர்மேன்களால் தான் இந்த நிலைமை"ன்னு முடியும். நானும் அப்படி முடிக்கிற ஐடியாவுல தான் இருந்தேன், அந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்கற வரைக்கும்.

அவர் பத்து நிமிஷத்துல ரெண்டு வயரையும் மாத்திப் போட்டார். கூடவே இன்னொண்ணும் சொன்னார். "வீடு கட்டறப்பவே எல்லா பாயிண்ட்டுக்கும் பச்சை இழுத்துடலாமான்னு கேட்டேன் தம்பி. எதுக்கு வீண் செலவு, மோட்டாருக்கு மட்டும் போடுன்னாரு அப்பா. பல்பு எரிஞ்சா போதும்னாரு."

வாசக்கதவுக்குத் தேக்கு தான் வேணும்னு அலைஞ்ச மனுஷன். தரைக்கு கிரானைட் பார்க்கக் கும்பகோணம் வரைக்கும் போயிட்டு வந்தார். பச்சை வயர்ல மிச்சம் பிடிச்சார். அவரை நான் திட்டல, திட்டற தகுதி எனக்கு இல்ல. 2011-ல் அரசாங்கம் இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்ச பிறகு கிரைண்டர் போகாத தெரு இல்ல. மூணாவது முள்ளுக்கு எர்த் இருக்கிற வீடு எத்தனைன்னு யாரும் எண்ணல. வயர்மேனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சதைச் செய்ய விடாதது வீட்டுக்காரன். அதுலயும் படிச்ச வீட்டுக்காரன் "ஏசி தானே பாஸ்"னு ஃபிசிக்ஸ் வேற பேசறான்.

ஞாயித்துக்கிழமை ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு நல்ல மல்டிமீட்டர், ஏசி வோல்ட்ல வெச்சு, சாக்கெட்டை நேரா பார்த்து நின்னுக்கிட்டு மூணு தடவை அளக்கணும். வலதுக்கும் இடதுக்கும் நடுவுல 230 கிட்ட வரணும். வலதுக்கும் மேல் ஓட்டைக்கும் அதே 230. இடதுக்கும் மேல் ஓட்டைக்கும் ரெண்டு மூணு வோல்ட், அவ்வளவு தான். இடதுக்கும் மேலுக்கும் 230 காட்டினா மாறிக் கிடக்கு. மேல் ஓட்டையோட எதை அளந்தாலும் 60, 90, 110னு பிடி கொடுக்காம ஆடினா அங்கே எர்த்தே இல்ல. அளக்கறதோட நிறுத்திக்குங்க. பிரிச்சு மாட்டறதுக்கு அதுக்குன்னு இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க, அவர் கேட்கிற காசைக் கொடுங்க. பச்சை வயர் வேணுமான்னு அவர் கேட்டா வேணும்னு சொல்லுங்க. தோட்டத்துல எர்த் குழி இருந்தா வெயில் காலத்துல ஒரு குடம் தண்ணி ஊத்துங்க.

எங்க வீட்டுல இப்போ எல்லா பாயிண்ட்டுக்கும் எர்த் இழுத்தாச்சு. ஆர்.சி.சி.பி. போட்டாச்சு. அப்பத்தாவைப் பார்க்கத் தாத்தா வர்றது நின்னு போச்சு, அதுல அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தான். கிரைண்டரை நானே வெறுங்காலோட நின்னு தொட்டுக் காட்டினேன்.

ஆனா போன மாசம் போனப்ப பார்த்தேன். அம்மா இன்னும் மாவு அள்ளறப்ப செருப்பு போட்டுக்கிட்டுத் தான் நிக்கிறாங்க. "இனிமே தான் ஒண்ணும் ஆகாதேம்மா"ன்னேன்.

"நீ தானேடா அப்பவும் மாட்டின"ன்னாங்க.

டிஸ்கி: டீக்கடை நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். உங்க எலக்ட்ரீசியனைத் திரும்பக் கூப்பிடுங்க பாஸ். அடுத்த டீ என் கணக்கு. :)